அகழ்வுக்குழிக்கு முன் மைன்கிராஃப்ட்

தொல்லியல் முதலாம் வருட மாணவர்களுக்கு வீடியோ கேம்களைக் கொண்டு பாடம் எடுக்கத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. பழங்கால அகழ்வு இடங்களான கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் யாழ்ப்பாண நகரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். ஆனால் நாம் போகும் நாளில் அங்கே அகழ்வு நடக்க வேண்டுமே! கையால் தோண்டிப் பழக ஓர் இடம் தேவைப்பட்டது.

அதற்கு அதிகம் உதவியது, கட்டைகளால் ஆன உலகில் தோண்டிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேம். 2023 ஜூனில் வந்த 1.20 பதிப்பில் தொல்லியலுக்கென்றே ஒரு பிரஷ் சேர்த்தார்கள். 'சந்தேகத்துக்குரிய' மணலையும் சரளையையும் அதனால் பொறுமையாகத் துடைத்தால் பானை ஓடு வெளியே வரும். அவசரப்பட்டு வெட்டினால் உள்ளே இருந்தது போயே போய்விடும். கெட்டிக்காரப் பையன்கள்தான் முதலில் தொலைப்பார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது கேம் சறுக்கும் இடம். எங்கெங்கோ எடுத்த நான்கு ஓடுகளைச் சேர்த்தால் ஒரு முழுப் பானை கிடைத்துவிடுகிறது. ஒன்று பாலைவனக் கோயிலில், மற்றது கடலடி இடிபாட்டில் எடுத்ததென்றாலும் கேம் ஒன்றும் கேட்பதில்லை. "இது களவெல்லோ சேர்?" என்றார் ஒரு மாணவி. சரி, இனி ஆனைக்கோட்டை முத்திரையின் கதைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். 1980இல் அங்கே கிடைத்த முத்திரையில் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. ஈமக் குழியில், ஒரு மனித எலும்புக்கூட்டோடு கிடைத்தபடியால்தான் அதைக் காலத்தோடும் ஆளோடும் சேர்த்துப் பேச முடிகிறது. அதையே யாரோ ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிக் கொண்டுவந்திருந்தால்? அன்றிலிருந்து, எஃப்3 அழுத்தினால் திரையில் வரும் ஆள்கூறுகளை எழுதாத ஓட்டுக்குப் புள்ளி கிடையாது.

மண்ணடுக்கு படிப்பிக்க மட்டும் இது உதவாது. ஓர் இடத்து நிலம் மேலிருந்து அடிவரை ஒரே நேரத்தில் உருவாவதால் அங்கே ஆழத்துக்கும் காலத்துக்கும் தொடர்பில்லை. அதற்கு வழக்கம்போல வெண்பலகைதான்.

அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் என்ற கேமின் டிஸ்கவரி டூர் என்ற கல்வி உலா 2018இல் வந்தது. சண்டையே இல்லாமல் தொலமி மன்னர்கள் ஆண்ட காலத்து எகிப்தில் நடந்து திரியலாம். அழகில் குறை சொல்ல முடியாது. எனக்குப் பயமே அந்த அழகுதான், எல்லாச் சுவரும் முழுசாக நிற்கிறது. 'இதற்கு என்ன சான்று?' என்று கேட்கவே மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சிறுமிகளையும் உட்கார வைத்தது வரலாற்றுக்குப் பொருந்தாது, தெரிந்தே செய்தோம் என்று அந்த உலாவே சொல்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் வகுப்பு முடியும்வரை வாக்குவாதம்தான்.

ஹெவன்ஸ் வால்ட் பழைய எழுத்தை ஊகித்து வாசிக்கும் கேம். பிழையான ஊகத்தோடும் கதை நகரும் என்பது அருமையான விஷயம். ஆனால் எல்லாமே ஆங்கில உரையாடல். தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்கள் களைத்துப்போனார்கள், விட்டுவிட்டேன்.

வாங்க யோசிப்பவர்களுக்கு: மைன்கிராஃப்டைப் பழைய மடிக்கணினியே தாங்கும். டிஸ்கவரி டூருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நான் ஒரு கணினியில் போட்டு, ப்ரொஜெக்டரில் எல்லோருக்கும் காட்டுகிறேன்.