அஞ்சறைப்பெட்டியைப் பேச வைத்த கதை: மேக்கி மேக்கி வாங்கலாமா?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் பிள்ளைகள் முறுக்கைக் கொறித்துவிட்டுக் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் உள்ள எங்கள் வீட்டில் வருஷா வருஷம் இதே கதைதான். இந்த முறை அம்மாவின் அஞ்சறைப்பெட்டியைப் பேச வைக்கலாம் என்று மேக்கி மேக்கி ஒன்றை வரவழைத்தேன்.

சின்ன சர்க்யூட் பலகை, கூடவே முதலை வாய் மாதிரி கவ்வும் கிளிப் வயர்கள். யூஎஸ்பியில் செருகினால் கணினி அதை இன்னொரு கீபோர்டு என்றே நம்பிவிடும். முன்பக்கத்தில் நான்கு அம்புக்குறி, ஸ்பேஸ், மௌஸ் கிளிக் என்று ஆறு இணைப்புகள். எர்த் வயரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பொருளைத் தொட்டால், நம் உடம்பு வழியாகச் சுற்று முழுமையாகி, கீயை அழுத்திய மாதிரி ஆகிவிடும். பலகையில் 2.2 கோடி ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் வாழைப்பழம்கூட அதற்குப் பொத்தானாகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபைச் சேர்ந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டிக் கொண்டுவந்தது இது. நம் பினாங்கு ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெருச் சுவரில், நிஜ சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போவது போன்ற அந்தப் பிரபல ஓவியம் வந்ததும் அதே வருஷம்தான். சுவரில் ஒரு நிஜப் பொருள் இருந்தால் போதும், ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது.

சரி, பெட்டிக்கு வருவோம். பிள்ளைகளும் நிரல் எழுதக்கூடிய, இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் அம்மாவின் குரலைப் பதிவு செய்தேன். கடுகுக்கு, "வெடிக்கட்டும், அவசரப்படாதே." மஞ்சளுக்கு, "வெள்ளைச் சட்டையோட அடுப்படிக்கு வராதே." ஐந்து கிண்ணத்திலும் கிளிப்பை மாட்டிவிட்டு ஒன்றைத் தொட்டால், ஐந்து அம்மாவும் ஒரே நேரத்தில் திட்டினார்கள்! தப்பு என்னுடையது. எவர்சில்வர் கிண்ணங்கள் எவர்சில்வர் பெட்டிக்குள் ஒட்டி உட்கார்ந்தால் எல்லாம் ஒரே கம்பிதானே. அவசரத்துக்கு வாழையிலைத் துண்டுகளைச் செருகிப் பார்த்தேன். அதுவும் ஈரம், அதுவும் கடத்தியது. கடைசியில் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி அடியிலும் இடுக்கிலும் வைத்த பிறகுதான் கடுகு தனியாகப் பேசியது.

எர்த் பிடிப்பதுதான் தொல்லை என்று முதலில் நினைத்தேன். அந்த வயரை ஒரு கரண்டியில் மாட்டி அம்மா கையில் கொடுத்தேன். "ஷாக் அடிக்குமாடா?" என்று மூன்று தடவை கேட்டார். பலகையில் ஓடுவது 5 வோல்ட்தான் என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கிண்ணம் பேச வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அம்மாவின் கையைப் பிடித்தாக வேண்டும். ஒன்பது பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். கடைசிப் பொடியன் சீரகக் கிண்ணத்தைத் தொட்டதும் சத்தம் வந்தது. நடுவில் ஒருத்தி குறும்புக்குக் கையை விட்டாள், உடனே பெட்டி ஊமை.

விலை அமெரிக்காவில் ஏறக்குறைய 50 டாலர், இங்கே தபால் செலவும் சேரும். மடிக்கணினியும் பக்கத்திலேயே திறந்து கிடக்க வேண்டும், விருந்தினர் பார்வைக்கு அது அழகில்லை. கணினி இல்லாமல், எர்த் பிடிக்காமல் வேண்டுமென்றால் பேர் கண்டக்டிவ் நிறுவனத்தின் டச் போர்டு இருக்கிறது. 12 தொடுமுனைகள், மெமரி கார்டிலிருந்து தானே பாடும். ஆனால் அதில் யாரும் யார் கையையும் பிடிக்கத் தேவையில்லை. எனக்கு மேக்கி மேக்கியே போதும். மடிக்கணினியில் செருக யூஎஸ்பி அடாப்டர் தேவைப்பட்டால் அதை மட்டும் நல்லதாக வாங்குங்கள். நான் வாங்கிய மலிவு அடாப்டர் விருந்தினர் வரும் நேரம் பார்த்துப் படுத்துவிட்டது.

கிளிப்புகளை இன்னும் கழற்றவில்லை. அம்மா ஒரு வாரமாக ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து கடுகு எடுத்துத் தாளித்துக்கொண்டிருக்கிறார்.