பேட்டரி மாற்றி வந்த டேப்லெட்டும் இரண்டு முறை வாங்கிய செயலியும்

ஆறு வருஷமாகக் கையில் இருக்கும் டேப்லெட்டைப் பேட்டரி மாற்றக் கொடுத்திருந்தேன். ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது. பேட்டரியில் குறை இல்லை, காலையில் எடுத்தால் ராத்திரி வரை சார்ஜர் தேட வேண்டியதில்லை. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது பேட்டரிக்காக இல்லை. டேப்லெட் இல்லாமல் போன அந்த ஒன்பது நாளும், அந்தச் சமயம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியும்தான் காரணம்.

"உன் போன் ஒரு கம்பெனி, டேப்லெட் வேற கம்பெனி. ரெண்டையும் வச்சு எப்படிச் சமாளிக்கிற? எங்கிட்டயும் உன் போன் மாதிரிதான் இருக்கு. உன் டேப்லெட்டையே நானும் வாங்கிடட்டுமா?"

என் போன் ஆண்ட்ராய்டு, டேப்லெட் ஆப்பிளின் ஐபேட். வாங்கு என்றுதான் வாய் வரை வந்தது. அந்த டேப்லெட் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். எத்தனை அங்குலம், எந்தச் சிப் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு சின்ன விஷயம். நீளமான பட்டியல் ஒன்றை விரலால் வேகமாக மேலே தள்ளிவிட்டால் அது தானாக ஓடும். கடைசி வரி வந்ததும் சுவரில் முட்டியது போல நிற்காது. கொஞ்சம் தாண்டிப் போகும், அடியில் வெறும் இடம் ஒரு கணம் தெரியும், அப்புறம் மெல்லத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும். விரலை எடுக்காமல் இழுத்தால் இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே வரும், விட்டதும் பழைய இடத்துக்குப் போய்விடும். ஒரு எழுத்துகூட இல்லாமல் 'இதோடு முடிந்தது' என்று விரலுக்கே சொல்லிவிடுகிறது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது அலுத்ததில்லை.

இந்தத் துள்ளலுக்காக நீதிமன்றம் ஏறியவர்கள் உண்டு. ஆப்பிளில் வடிவமைப்பாளராக இருந்த பாஸ் ஓர்டிங் கண்டுபிடித்தது இது. தொடுதிரை டேப்லெட் ஒன்றைச் செய்து பார்க்கும்போது இப்படி ரப்பர் போல இழுபடுவதைப் பார்த்துத்தான் 'இதை வைத்து போனே செய்துவிடலாமே' என்று தோன்றியதாக ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் ஒரு மேடையில் சொன்னார். அதாவது முதலில் யோசித்தது டேப்லெட், முந்திக்கொண்டு வந்தது போன். 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையிலேயே, 200-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்திருப்பதாக அறிவித்தார். துள்ளலுக்கான காப்புரிமை 2008 டிசம்பரில் கிடைத்தது. அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து வழக்காடியவர்கள் அதை '381' என்றே கூப்பிட்டார்கள்.

2011 ஏப்ரலில் ஆப்பிள் கலிபோர்னியாவில் சாம்சங் மேல் வழக்குப் போட்டது. அந்த வருஷம் அக்டோபரில் நடந்த விசாரணை ஒன்றில் நீதிபதி லூசி கோ ஐபேடையும் கேலக்ஸி டேபையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, எது உங்களுடையது என்று சாம்சங்கின் வக்கீலைக் கேட்டார். இத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 2012 ஆகஸ்டில் ஜூரி சுமார் 105 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. மீறப்பட்டதாகச் சொன்ன காப்புரிமைகளில் இந்தத் துள்ளலும் ஒன்று. அப்புறம் தொகை குறைந்தது, மறுவிசாரணை வந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வடிவமைப்புக் காப்புரிமைக்கான இழப்பீட்டை முழு போனின் லாபத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பதில்லை என்று எட்டு நீதிபதிகளும் ஒரே குரலாகச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2018 மேயில் இன்னொரு ஜூரி சுமார் 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன. ஏழு வருஷம். இதற்கு நடுவே ஐபோனுக்கான சிப்புகளைச் சாம்சங்தான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது, 2017-ல் வந்த ஐபோன் டென்னின் திரையும் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சண்டையின் தடயத்தை நான் விரலாலேயே பார்த்திருக்கிறேன். என் பழைய போன்களில் பட்டியல் முடிந்தால் துள்ளாது, ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு ஒளி மின்னும். துள்ளலுக்குப் பதிலாக வந்த ஒளி அது. முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத்தான் சொல்லும், விரலுக்குச் சொல்லாது. டேப்லெட்டில் பழகிய கைக்கு அது ரொம்ப நாள் உறுத்தலாகவே இருந்தது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோதுதான் ஓரத்தில் வெறும் ஒளிக்குப் பதில் திரையில் இருப்பதே ரப்பர் போல நீண்டு சுருங்க ஆரம்பித்தது. துள்ளல் இல்லைதான், ஆனால் அதற்கு உறவு. இப்போது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

பூட்டுத் திறக்க விரலால் நகர்த்துவோமே, அதற்கும் இதே கதைதான். அதையும் சேர்த்து ஆப்பிள் சாம்சங் மேல் போட்ட இரண்டாவது வழக்கில் ஜூரி ஏறக்குறைய 12 கோடி டாலர் என்றது 2014-ல். மேல்முறையீடு எல்லாம் முடிந்து, சாம்சங்கின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது 2017 நவம்பரில். அதற்கு ஒரு வருஷம் முன்பே, ஐபோனின் மென்பொருள் ஐஓஎஸ் 10 வந்தபோது, ஐபோனிலிருந்தே அந்த நகர்த்தல் போய்விட்டிருந்தது.

இவ்வளவு அடித்துக்கொண்டு கடைசியில் இரண்டும் ஒன்று போலவே ஆகிவிட்டன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். எதை எடுத்தாலும் கை தடுமாறுவதில்லை. அப்படியானால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் திரையில் இல்லை, செயலி வாங்கும் கடையில் இருக்கிறது.

டேப்லெட்டில் குறிப்பெழுத ஒரு செயலி வாங்கியிருந்தேன். சந்தா கிடையாது, ஒரே தடவை பணம். பேனாவால் கையெழுத்தாகவே எழுதுவேன். ஆறு வருஷ எழுத்து அதில் கிடக்கிறது. டேப்லெட் சர்வீஸுக்குப் போன மூன்றாம் நாள் ஒரு பழைய குறிப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. சரி, போனில் போட்டுக்கொள்ளலாம் என்று போனின் கடையில் தேடினேன். அதே பெயர், அதே மஞ்சள் நோட்டுப் படம், அதே கம்பெனி. நிறுவினேன், என் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே போனேன். என் பெயரைச் சொல்லி வரவேற்றது. அதற்குக் கீழேயே 'வாங்கு' என்ற பொத்தான். நான் யார் என்று அதற்குத் தெரிகிறது, என் நோட்டுகளின் பெயர்கள்கூடத் தெரிகின்றன, நான் ஏற்கெனவே பணம் கட்டியவன் என்பது மட்டும் தெரியவில்லை. 'வாங்கியதை மீட்டெடு' என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைத் தட்டினேன். சக்கரம் சுற்றியது, 'எதுவும் வாங்கப்படவில்லை' என்றது. மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அதே பதில்.

வேறு வழியில்லாமல் மறுபடி பணம் கட்டினேன். நோட்டு திறந்தது. நான் எழுதியது இருந்தது, ஆனால் மஞ்சள் மையால் அடிக்கோடு போட்டவை எல்லாம் எழுத்துக்கு மேல் அப்பிக்கொண்டு எழுத்தை மறைத்தன. போன் பதிப்பில் அந்த அடுக்கு சரியாக வருவதில்லையாம். படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு தேதி. அது மஞ்சளுக்கு அடியில் இருந்தது.

கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முயல்கிறேன். அந்தச் செயலியைச் செய்தவர்கள் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் பிழை திருத்த வேண்டும், வருஷா வருஷம் வரும் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும். உழைப்பு இரண்டு மடங்கு, அதற்குக் காசு கேட்பது தப்பில்லை. பணத்தை வாங்கிக்கொள்வதும் கடைதான், ரசீது கொடுப்பதும் கடைதான். ஒரு கடையின் ரசீது இன்னொரு கடையில் செல்லாது. இதை ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்ட பிறகும் ஆற மாட்டேன் என்கிறது.

ஏனென்றால் இது நேற்று முளைத்த சிக்கல் இல்லை. ஆப்பிளின் கடையான ஆப் ஸ்டோர் திறந்தது 2008 ஜூலையில், அன்று இருந்தவை சுமார் 500 செயலிகள். அதே வருஷம் அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது, 2012-ல் அதுவே கூகுள் பிளே ஆனது. விற்பதில் 30 சதவீதம் கடைக்கு என்பதுதான் இரண்டிலும் பழைய கணக்கு. சின்ன நிறுவனங்களுக்கு 15 சதவீதம் என்று குறைத்ததே 2021-ல்தான். 'ஆப் ஸ்டோர்' என்ற பெயருக்கே ஒரு வழக்கு நடந்தது. அமேசான் 2011-ல் தன் கடைக்கு அந்தப் பெயரை வைத்ததும் ஆப்பிள் வழக்குப் போட்டு, 2013-ல் விலக்கிக்கொண்டது. அந்த அமேசான் கடையும் ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஆகஸ்டோடு மூடப்பட்டுவிட்டது. அங்கே காசு கொடுத்து வாங்கியவர்களின் செயலிகள் தொடர்ந்து ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு அதில் எதுவும் இல்லை, ஆனாலும் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

பெரிய வழக்குகள் வராமல் இல்லை. 2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் நேரடியாகப் பணம் கட்ட வழி வைத்தது. இரண்டு கடைகளுமே விளையாட்டைத் தூக்கின, எபிக் இருவர் மேலும் வழக்குப் போட்டது. ஆப்பிள் வழக்கில் 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பு பெரும்பாலும் ஆப்பிள் பக்கமே சாய்ந்தது. ஆனால் வெளியே வாங்கலாம் என்று செயலிக்குள் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்றது. அதற்கு ஆப்பிள் வழிவிட்டது 2024 ஜனவரியில், அதுவும் வெளியே வாங்கினாலும் 27 சதவீதம் கமிஷன் என்று சொல்லி. ஆணை மீறப்பட்டிருக்கிறது என்று அதே நீதிபதி 2025 ஏப்ரலில் கண்டித்தார். அதன் பலன் அடுத்த மாதமே தெரிந்தது. 2011-லிருந்து ஐபோன் கிண்டில் செயலியில் புத்தகம் வாங்கும் பொத்தான் இல்லாமல் இருந்தது, அமெரிக்காவில் 2025 மேயில் திரும்பி வந்தது. ஒரு பொத்தானுக்குப் பதினான்கு வருஷம். கூகுள் வழக்கில் ஜூரி 2023 டிசம்பரில் எபிக் பக்கம் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுச் சட்டத்தால் 2024 மார்ச்சிலிருந்து ஐபோனில் வேறு கடைகளும் வரலாம் என்றாயிற்று.

நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் இத்தனை வழக்கிலும் பேச்சு எல்லாம் கமிஷன் யாருக்கு என்பதுதான். கடைகள் கூடினால் எனக்குச் சுவர்களும் கூடுகின்றன, அவ்வளவே. நான் காசு கொடுத்து வாங்கியதை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு எடுத்துப் போக முடியுமா என்று யாரும் வாதாடியதாக எனக்குத் தெரியவில்லை. போன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனி மாறுகிறோம். வாங்கிய செயலிக்கு அந்த வழி இல்லை.

சந்தா கட்டினால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். உண்மைதான், செயலி செய்பவர்களின் தளத்திலேயே கணக்குத் தொடங்கிச் சந்தா கட்டினால் பெரும்பாலும் எந்தக் கருவியிலும் திறக்கும். ஆனால் அது வாடகை. ஒரே தடவை காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ள நினைப்பவனுக்குத்தான் தண்டனை.

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். "என் டேப்லெட்டை வாங்காதே. உன் போன் எந்தக் கடையோ அதே கடை இருக்கும் டேப்லெட்டா பார்த்து வாங்கு." அவர் உடனே கேட்டார்: "அப்ப அது உன்னுதை விட நல்லா இருக்குமா?" இருக்காது. பல செயலிகள் அதில் போன் திரையைப் பெரிதாக இழுத்துவிட்டது போலத்தான் தெரியும், பேனா எனக்கு ஒத்துவராது, பட்டியலின் ஓரமும் இவ்வளவு அழகாகத் திரும்பி வராது. அதையும் மறைக்காமல் எழுதினேன். அப்படியும் அதைத்தான் வாங்கச் சொன்னேன்.

நான் மாற்றப் போவதில்லை. பேட்டரி போட்டாயிற்று, இன்னும் இரண்டு மூன்று வருஷம் தாராளமாக ஓடும். ஆனால் திரும்பி வந்த அன்று ராத்திரியே ஒரு வேலையை ஆரம்பித்தேன். அந்தச் செயலியில் இருக்கும் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி, எந்தக் கருவியிலும் திறக்கிற மாதிரி வெளியே எடுத்து வைக்கிறேன். மொத்தமாக எடுக்க வழி கொடுக்கவில்லை. ஒரு நோட்டுக்கு நாலு தட்டு தட்ட வேண்டும். 203 நோட்டுகளில் நேற்று வரை 61 முடிந்திருக்கிறது.