புள்ளி நகர்ந்தது, பெட்டி நகரவில்லை: கன்டெய்னர் டிராக்கருடன் நெடுநாள் அனுபவம்

குளிர்பதனக் கன்டெய்னர்களில் சரக்கோடு சரக்காக நாங்கள் வைத்து அனுப்பும் டிராக்கர்களுக்கு அண்மையில் பேட்டரி மாற்றினோம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, மருந்து ஏற்றுமதியில் இருக்கும் நண்பர் ஒருவர் "நானும் வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். ஜிபிஎஸ், வெப்பநிலை உணரி, கதவு திறந்தால் கண்டுகொள்ளும் ஒளி உணரி, சிம் கார்டு ஆகியவை எந்த நிறுவனத்தின் கருவியிலும் இருப்பவைதாம். அவற்றை விட்டுவிட்டு, நான் உண்மையில் என்ன பட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கருவி அருமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நெட்வொர்க் இல்லாத இடத்திலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதி வைத்துக்கொள்கிறது. தொடர்பு கிடைத்ததும் சேர்த்து வைத்த அத்தனையையும் அனுப்பிவிடுகிறது. ஒரு தடுப்பூசிச் சரக்கில் இதன் அருமை முழுதாகத் தெரிந்தது. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்குச் சூட்டைவிட உறைதலே பெரிய எதிரி. ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும், மீண்டும் இளக்கிப் பயனில்லை. வழியில் உறைந்திருக்கலாம் என்று சொல்லி, பெற்றுக்கொள்ளும் தரப்பு சரக்கை ஏற்க மறுத்தது. பதிவை எடுத்துக் காட்டினோம். கோடு 3 டிகிரிக்குக் கீழே ஓரிடத்திலும் இறங்கவில்லை. அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. பழைய பதிவுக் கருவி சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய் திறக்கும். இது வழியிலேயே சொல்லிவிடுவதால், ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடித்து, நின்றுபோன குளிர்பதன எந்திரத்தை ஓடவைத்து, சரக்கைக் காப்பாற்றியதும் உண்டு.

பேட்டரி சொன்ன ஆயுளுக்கு முன்பே தீர்ந்தது. குளிரில் எந்த பேட்டரியும் திறன் குறையும். கிடைக்காத நெட்வொர்க்கைத் தேடித் தேடியே கருவி மின்சாரத்தைத் தின்கிறது. இதை நான் குறையாக எண்ணவில்லை.

என் சண்டை, கருவி அனுப்பும் தகவலைக் காட்டும் மென்பொருளின் திரையோடுதான்.

ஒரு மருந்துச் சரக்கு நடுவழித் துறைமுகத்தில் கப்பல் மாற வேண்டும். மென்பொருளின் வரைபடத்தில், பெட்டியைக் குறிக்கும் புள்ளி அடுத்த கப்பலோடு அழகாகக் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் 5.1 டிகிரி. வந்து சேரும் நேரமும் நிமிடக் கணக்கில் இருந்தது. வாடிக்கையாளரிடமும் அதே இணைப்பு இருந்ததால், அவர் லாரியும் குளிர்கிடங்கில் இடமும் ஏற்பாடு செய்துவிட்டார். பெட்டியோ அந்தக் கப்பலில் ஏறவேயில்லை! இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். துறைமுக முற்றத்தில், பெட்டி அடுக்குகளின் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. பல நாள் கழித்து அதை எடுத்து அடுத்த கப்பலுக்குக் கொண்டுபோனபோது கருவிக்கு நெட்வொர்க் கிடைத்தது. பாதிக் கடல் தாண்டியிருந்த புள்ளி ஒரே தாவலில் துறைமுகத்துக்குத் திரும்பியது.

நடந்தது இதுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன; அங்கிருந்து நலிந்து வரும் சமிக்ஞை எஃகுப் பெட்டிகளின் அடுக்குக்குள் நுழையாது. கருவி மௌனமானதும், முன்பதிவில் எந்தக் கப்பலின் பெயர் இருந்ததோ அதன் இருப்பிடத்தை எடுத்து மென்பொருள் இட்டு நிரப்பிவிட்டது. பன்னாட்டுப் பயணம் போகும், மொத்தக் கொள்ளளவு (gross tonnage) 300 முதலான கப்பல்கள், தம் இருப்பிடத்தைத் தாமே வானொலி அலையில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது கடல்சார் விதி. ஆகவே கப்பல் இருக்கும் இடம் சரியாகவே தெரியும். பெட்டி அந்தக் கப்பலில் இருக்கிறதா என்பதை ஏஐஎஸ் சொல்லாது. அந்த 5.1 டிகிரியோ நெட்வொர்க் போவதற்கு முன் வந்த கடைசி அளவு. எப்போது அளந்தது என்ற விவரம் இன்னும் இரண்டு பக்கம் உள்ளே போனால்தான் கிடைக்கும்.

இடைவெளியை ஊகத்தால் நிரப்புவதை நான் எதிர்க்கவில்லை. கடல் நடுவே வேறு வழியில்லை. ஊகத்துக்கும் அளவீட்டுக்கும் ஒரே புள்ளி, ஒரே பச்சை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சரிபார்க்க வழியும் இருந்தது. பெட்டியைக் கப்பலில் ஏற்றினாலோ இறக்கினாலோ, துறைமுகத்தில் பெட்டிகளைக் கையாளும் முனையம் கப்பல் நிறுவனத்துக்கு 'கோஆரி' என்ற மின்னணுச் செய்தி அனுப்பும். நிறுவனங்களின் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 1980களிலேயே வகுக்கப்பட்ட எடிஃபாக்ட் முறையில் வரும் செய்தி அது. இரண்டாவது கப்பலில் ஏற்றியதாகச் செய்தி வராதபோதே மென்பொருளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புதிய உணரிகளின் பகட்டில் இந்தப் பழைய, நம்பகமான செய்தியைக் கோக்க மறந்துவிட்டார்கள். எழுதிக் கேட்டோம். "பயனர்கள் தொடர்ச்சியான நகர்வைத்தான் விரும்புகிறார்கள்" என்று பதில் வந்தது. எந்தப் பயனர்கள்? காலாவதித் தேதியுள்ள மருந்தை அனுப்புகிறவர்களில் ஒருவர்கூட அப்படி விரும்பமாட்டார்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், கப்பல் மாறும் ஒவ்வொரு சரக்குக்கும் முனையத்தின் பதிவைத் தனியே திறந்து பார்த்து, திரை சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார். அந்த வேலையை ஒழிப்பதற்காகத்தான் சந்தா கட்டினோம்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கருவி நாணயமானது, நாங்கள் அதை விடப்போவதுமில்லை, பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. ஆனால் அந்தத் திரை திருந்தும்வரை யாரையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீறி வாங்குவதானால், செய்முறை காட்ட வருகிறவரிடம் ஒன்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியை ஓர் எஃகுப் பெட்டிக்குள் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரையைப் பாருங்கள். "தொடர்பு இல்லை, கடைசியாக அளந்தது இத்தனை மணிக்கு" என்று முதல் பக்கத்திலேயே சொன்னால் கையெழுத்திடுங்கள். பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தால் அவரை அனுப்பிவிடுங்கள்.