அலுவலக வளாகத்தில் 7.4 கிலோவாட் சார்ஜர்: மூன்று கோடைக்குப் பிறகு

துறையின் மின்சார வண்டிகளுக்கு ஆறு ஏ.சி. (மாறுமின்) சார்ஜர் போடலாமா என்று பக்கத்து அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இங்கே அதே ஆறு சார்ஜர் பெட்டிகள் மூன்று கோடையைத் தாண்டிவிட்டன. விலையும் அளவும் எல்லோருக்கும் தெரியும். தெரியவேண்டியது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு.

முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: பெட்டி அருமையானது. மழை, தூசி, வண்டியில் செருகும் கன்னை ஓட்டுநர்கள் இழுக்கும் வேகம் எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது. ஆனால் மாலை 6 மணிக்குச் செருகிய வண்டி காலையில் 30 சதவீதத்திலேயே நிற்கும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஏப்ரல், மே மாதங்களில் இது வாரம் இருமுறையாவது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பழி பெட்டிமேல் விழுகிறது.

காரணம் மண்ணில் இருக்கிறது. சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளும் பைலட் சிக்னலுக்கு எர்த் கம்பிதான் ஆதாரம். நியூட்ரலுக்கும் (மின்னோட்டம் திரும்பிவரும் கம்பி) எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வரம்பை மீறினால் சார்ஜர் நிறுத்திவிடும்; அது பாதுகாப்பு, பழுதல்ல. கோடையில் எர்த் குழி காய்ந்து மின்தடை ஏறுகிறது. கூடவே, அருகருகே நிற்கும் வண்டிகள் ஒரே ஃபேஸில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்று) விழுந்தால் சுமை முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்து அந்த வோல்டேஜை ஏற்றுகிறது. மின்வெட்டின்போது, நியூட்ரலை எர்த்தோடு இணைக்காத ஜெனரேட்டர் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

எனவே மல்டிமீட்டரில் நியூட்ரல்-எர்த் அளவை இருமுறை பாருங்கள்: வண்டி இல்லாமல் ஒருமுறை, ஆறும் சார்ஜ் ஆகும்போது ஒருமுறை. 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. சார்ஜர்களுக்கென்று 3 மீட்டர் குழாயுடன் இரண்டு தனி எர்த் குழி, இடைவெளி 6 மீட்டர். லிஃப்ட் எர்த்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுதித்தரும் ஒப்பந்தக்காரரிடம், எர்த் மெக்கர் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) அளவைக் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். குழியில் உப்பும் கரியும் போட்டால் உப்பு மழையில் கரைந்துபோகும். பெண்டோனைட் களிமண் கலவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். நிறுத்துமிடங்களை ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் மாறிமாறி இணைத்தால் அடுத்தடுத்த வண்டிகள் வெவ்வேறு ஃபேஸில் நிற்கும்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மின் பலகையிலிருந்து 50 மீட்டர் என்றால் 32 ஆம்பியருக்கு 6 சதுர மி.மீ. செம்பில் ஏறக்குறைய 10 வோல்ட் இழப்பு; 10 சதுர மி.மீ. போடுங்கள். எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) 40 ஆம்பியர், ஏனென்றால் வெயிலில் சூடேறிய பலகைப் பெட்டிக்குள் 32 ஆம்பியர் எம்.சி.பி. தானாக விழுந்துவிடும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் நிறுத்தும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. (நேர்மின்) கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கசிவையும் பிடிக்கும் டைப் பி.

இவ்வளவு சொன்ன பிறகு ஆறு வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. பழைய டாடா டிகோர், நெக்ஸான் மின்வண்டிகளுக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்தான், 7.4 பெட்டியில் செருகினாலும் அவ்வளவுதான் ஏறும். இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு 16 ஆம்பியர் சாக்கெட் போதும். இரண்டு பெட்டி, நாலு சாக்கெட். ஆனால் சாக்கெட்டில் செருகும் வண்டிக் கேபிளும் எர்த்தைச் சோதிக்கும் என்பதால், குழி வெட்டும் மதிப்பீட்டை மட்டும் குறைக்க விடாதீர்கள்.