பூனை தேற: சிரிஞ்சா, சிக்கன் தண்ணியா, டிரிப்ஸா?

தர்மபுரியில் எந்த மெடிக்கலில் போய், பூனை தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னாலும், ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்து நீட்டுவார்கள். விலையும் மலிவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி வேண்டும். நாலு கிலோ பூனை என்றால் 200 மில்லி, அதாவது 5 மில்லி சிரிஞ்சில் 40 தடவை! மூணாவது தடவைக்கே அது கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மருந்து கொடுக்கவும் வாயை நனைக்கவும் சிரிஞ்ச் சரி. தலையை அண்ணாத்தாமல், கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்ன ஓரமாக முனையை வைத்து, ஒரு மில்லி விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

கொஞ்சமாவது நக்கிச் சாப்பிடுகிற பூனைக்கு என் ஓட்டு சிக்கன் தண்ணிக்குத்தான். கறியை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை நீக்கி, பிய்த்துப் போட்டு, அந்தத் தண்ணியோடு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து எடுத்து அலசிக் கொடுப்பது கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சளி பிடித்த பூனைக்கு மூக்கடைப்பால் வாசனை தெரியாது, வாசனை தெரியாமல் சாப்பாட்டைத் தொடாது. அதனால் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, வெதுவெதுப்பாக வையுங்கள். கடையில் விற்கும் ஈர உணவுப் பாக்கெட்டும் நல்லதுதான், அதில் முக்கால் பங்குக்குத் தண்ணீர். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான்.

பால், பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிட்னி கெட்ட பூனைக்கு ஆபத்து. ராகிக் கஞ்சி நமக்குத் தெம்பு, கறி தின்னும் பிராணிக்கு என்ன செய்யும்?

வாந்தி நிற்கவில்லை, ஈறு பிசுபிசுக்கிறது, பிடரித் தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது என்றால் டிரிப்ஸ்தான், போட்டியே இல்லை. டாக்டர் தோலுக்கடியில் ஏற்றியதும் முதுகில் திமில் மாதிரி வீங்கி நிற்கும். பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கிட்னி நோய்ப் பூனைக்கு வீட்டிலேயே ஏற்றச் சில டாக்டர்கள் கற்றுக்கொடுப்பார்கள். எந்தத் திரவம், எவ்வளவு என்பதை மட்டும் அவர்களே சொல்லவேண்டும். இதயக்கோளாறு இருக்கும் பூனைக்கு அதுவே எமனாகிவிடும்.

ஒரு நாள் முழுக்க எதையும் தொடாத பூனையையும், மூத்திரம் வராமல் முக்குகிற ஆண் பூனையையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பக்கமே போகக்கூடாது. பூனைக்கு அது விஷம்.