அணிக்கு ஒரு ப்ராக்ஸி: பெர்சனல் ப்ராக்ஸியா, ஸ்குவிடா?

கணினி சும்மா கிடக்கும் நேரத்தை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும் அணியில் எட்டுப் பத்து இயந்திரங்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்துவிட்டால், "நடுவில் ஒரு ப்ராக்ஸி போட்டுவிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நம் இயந்திரங்களுக்கும் வெளி சர்வருக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்தான் ப்ராக்ஸி. போடலாம். ஆனால் குறியாக்கச் சாவி தேடும் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட்டுக்குப் போடும் ப்ராக்ஸியும், பல அறிவியல் திட்டங்களை ஓட்டும் பாயிங்க் (BOINC) மென்பொருளுக்குப் போடும் ப்ராக்ஸியும் பெயரில்தான் ஒன்று.

டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் 1997இல் தொடங்கியது. ஆர்சி5-64 என்ற குறியாக்கப் போட்டியின் ரகசியச் சாவியை 1,757 நாள் தேடி 2002இல் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த தேடலான ஆர்சி5-72 ஆரம்பமானது. அங்கே வேலை என்று வருவது, "இந்தச் சாவி தொடங்கி இத்தனை சாவிகளைப் பார்" என்கிற குறிப்பு மட்டுமே. ஒரு புகைப்படத்தின் அளவுகூட இருக்காது. அதனால் அவர்களே தரும் பெர்சனல் ப்ராக்ஸியை டேட்டா மிச்சமாகும் என்று நினைத்துப் போட்டால் ஏமாற்றம்தான். அது மளிகைக்கடை மாதிரி: மொத்தமாக வாங்கி வைத்து, கேட்கிற இயந்திரத்துக்குச் சில்லறையாகக் கொடுக்கும், முடிந்த விடைகளைச் சேர்த்து வைத்து மேலே அனுப்பும். இணையமே எட்டாத இயந்திரம்கூட ப்ராக்ஸியின் முகவரியும் 2064 போர்ட்டும் தெரிந்தால் வேலை செய்யும். லைன் ஒரு நாள் போனாலும் இருப்பு ஓடும். ஒவ்வொரு விடையிலும் அந்தந்த உறுப்பினரின் மின்னஞ்சல் போவதால் யார் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டையும் இல்லை.

இதற்கு மாற்றாக, வேலையும் விடையும் காத்திருக்கும் பஃபர் கோப்புகளைப் பொது ஃபோல்டரில் வைத்து எல்லா கிளையண்ட்டுகளையும் (இயந்திரத்தில் கணக்குப் போடும் நிரல்களை) அங்கே திருப்பிவிடுவதும் உண்டு. இரண்டு மூன்று இயந்திரங்களுக்குச் சரி. அதற்கு மேல் போனால், கோப்புப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யாத ஒரு பகிர்வு போதும், தலைவலி ஆரம்பித்துவிடும்.

பாயிங்க் கதை வேறு. அது சாதாரண வெப் போக்குவரத்தில் பேசுவதால் எந்த ப்ராக்ஸியும் ஒத்துப்போகும். பலர் போடுவது ஸ்குவிட் என்ற வெப் ப்ராக்ஸி மென்பொருள். ஆனால் ஸ்குவிட் வேலையைச் சேமித்து வைக்காது. ஒருமுறை இறங்கிய கோப்பை மறுமுறை உள்ளிருந்தே கொடுக்கும் (இந்தச் சேமிப்புதான் கேச்), அவ்வளவுதான். லைன் போனால் அதுவும் கையை விரித்துவிடும்.

ஆகவே லாபம் முழுக்கத் திட்டத்தைப் பொறுத்தது. துகள் இயற்பியல் திட்டமான எல்எச்சி@ஹோமின் விர்ச்சுவல் இயந்திரப் படிமம் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியின் கோப்பு) நூற்றுக்கணக்கான மெகாபைட். எட்டு இயந்திரங்கள் எட்டு முறை இறக்குவதற்குப் பதில் ஒரே முறை. ஐன்ஸ்டீன்@ஹோமின் ஈர்ப்பலைத் தேடலில் பல வேலைகள் ஒரே தரவுக் கோப்புகளைப் பயன்படுத்தும். அங்கேயும் பலன் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தரவு வரும் திட்டமென்றால் கேச் வெறும் அலங்காரம்.

நான் முதலில் ஸ்குவிட் போட்டபோது ஒரு வாரம் லாகில் "டிசிபி_மிஸ்" (கேச்சில் இல்லை) தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தப்பு என்னுடையதுதான். ஸ்குவிடை அப்படியே நிறுவினால் டிஸ்க் கேச் கிடையாது, நினைவகம் மட்டுமே. அமைப்புக் கோப்பில் டிஸ்கில் சேமிக்கச் சொல்லும் கேச் அடைவு (cache_dir) வரியைத் திறந்துவிட்டேன். அப்போதும் பெரிய கோப்புகள் நிற்கவில்லை, ஏனென்றால் இயல்பு உச்ச அளவு 4 எம்பி. அதை ஏற்றி, அந்த வரியைக் கேச் அடைவு வரிக்கு மேலே நகர்த்திய பிறகுதான் "ஹிட்" வந்தது. அப்புறம் இன்னொன்று: கோப்புகள் எச்டிடிபிஎஸ் (https, மறையாக்கிய இணைப்பு) வழியாக வந்தால் ஸ்குவிடுக்குத் தெரிவது மூடிய குழாய் மட்டுமே, கேச் ஆகாது. திட்டத்தின் இறக்க முகவரி எப்படித் தொடங்குகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பிலும் இரண்டும் ஒன்றல்ல. பெர்சனல் ப்ராக்ஸி தன் நெறிமுறையைத் தவிர வேறெதையும் கடத்தாது. தெரியாமல் வெளியே திறந்து வைத்தாலும் யாரோ நம் வேலையை எடுத்துச் செய்வார்கள், பெரிய நஷ்டமில்லை. ஸ்குவிடின் 3128 போர்ட்டை ஊருக்குத் திறந்தால், எவரெவரோ செய்கிற வேலைக்கு நம் ஐபி முகவரி பழி சுமக்கும். உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி, அதில் சமரசமே வேண்டாம்.

என் தேர்வு இது: ஆர்சி5 ஓட்டும் அணி ஒரே இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெர்சனல் ப்ராக்ஸி. பாயிங்க் என்றால், பெரிய பொதுக் கோப்புகள் உள்ள திட்டத்துக்கு மட்டும் ஸ்குவிட். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால் இரண்டும் வேண்டாம். அவரவர் கிளையண்ட்டில் இருப்பைக் கூட்டிக்கொண்டால் போதும். பாயிங்க்கில் 10 நாள் வரை கேட்கலாம்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு. நான் ஒரு நாளைத் தாண்டி வைப்பதில்லை.