ஈக்யூவும் ஹேஷும்: நாமே எழுதுவதா, டேட்டாகிளாஸிடம் விடுவதா?

பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளை மதிப்பை வைத்து ஒப்பிடவும் செட்டில் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைக்கும் தொகுப்பு) போடவும் வழி மூன்று: __ஈக்யூ__ (இரண்டும் சமமா என்று சொல்வது), __ஹேஷ்__ (செட்டில் தேட உதவும் எண்ணைத் தருவது) இரண்டையும் நாமே எழுதுவது, நேம்டு டூப்பிள் (ஃபீல்டுகளுக்குப் பெயர் வைத்த டூப்பிள்), பைத்தான் 3.7இல் வந்த டேட்டாகிளாஸ் (ஃபீல்டுகளைச் சொன்னால் இத்தகைய மெத்தட்களைத் தானே எழுதித் தருவது). டைப்பிங் மிச்சம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். என் ஓட்டு ஃப்ரோஸன் டேட்டாகிளாஸுக்கு, அதாவது உருவாக்கிய பின் ஃபீல்டுகளை மாற்ற விடாத வகைக்கு. பின்னாளில் புதிய ஃபீல்டு சேர்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பஸ் எண், சீட் எண் கொண்ட டிக்கெட் கிளாஸில் இப்போது தேதியும் வேண்டும். கையால் எழுதியிருந்தால் __இனிட்__ (ஆப்ஜெக்ட்டைத் தொடங்கி வைப்பது), __ரெப்ர்__ (அதை எழுத்தாகக் காட்டுவது), __ஈக்யூ__, __ஹேஷ்__ என நான்கு இடத்தைத் திருத்த வேண்டும். __ஹேஷ்__-ல் மட்டும் விட்டுப்போனால் வேகம்தான் குறையும். __ஈக்யூ__-விலும் விட்டால், நாளைய 12ஆம் சீட்டும் மறுநாளின் 12ஆம் சீட்டும் ஒன்றாகி, செட்டில் ஒரு டிக்கெட் காணாமல் போகும், எர்ரரே வராது. __ஹேஷ்__-ல் சேர்த்து __ஈக்யூ__-வில் மறந்தால் இன்னும் மோசம். ஒப்பிட்டால் இரண்டும் சமம், செட்டிலோ தனித்தனி. இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டேட்டாகிளாஸில் தேதிக்கு ஒரு வரி சேர்த்தால் நான்கும் தானாக மாறிவிடும். ஒப்பீட்டில் வரக்கூடாத பயணியின் போன் எண்ணுக்கு கம்பேர்=ஃபால்ஸ் கொடுத்தால் போதும்.

நேம்டு டூப்பிளில் ஃபீல்டு கூடியதும், 'பஸ், சீட் = டிக்கெட்' என்று பிரித்தெடுக்கும் வரிகள் எல்லாம் வேல்யூஎர்ரர் தரும். அதோடு, அதே மதிப்புகள் கொண்ட எந்த டூப்பிளும் டிக்கெட்டுக்குச் சமமாகிவிடும்.

ஃப்ரோஸன்=ட்ரூ கொடுக்க மறக்காதீர்கள். அது இல்லாத டேட்டாகிளாஸில் __ஹேஷ்__ நன் (None, அதாவது 'எதுவும் இல்லை') ஆகிவிடும். செட்டில் போட்டால் டைப்எர்ரர். ஃபீல்டுக்குள் லிஸ்ட் இருந்தாலும் அதே கதிதான், டூப்பிளாக மாற்றிவிடுங்கள். ஃப்ரோஸனில் ஆப்ஜெக்ட் உருவாக்கம் சற்று மெதுவாகும். லட்சக்கணக்கில் உருவாக்குபவர்கள் தங்கள் கோடிலேயே டைம்இட் (நேரம் அளக்கும் மாட்யூல்) வைத்து அளந்து முடிவெடுப்பது நல்லது.

ஈமெயிலைப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடின்றி ஒப்பிடுவது போன்ற தேவைக்குக் கையால்தான் எழுத வேண்டும். ஃப்ரோஸன் டேட்டாகிளாஸுக்குள்ளேயே __ஈக்யூ__ எழுதினால் அது அப்படியே நிற்கும். ஆனால் __ஹேஷ்__ எழுதாவிட்டால், டேட்டாகிளாஸ் மூல எழுத்துகளை வைத்தே ஒன்றை உருவாக்கிவிடும். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், இரண்டிலும் லோயர் (சிறிய எழுத்தாக மாற்றும் மெத்தட்) போடுங்கள். வேறு வகை ஆப்ஜெக்ட் வந்தால் ஃபால்ஸ் அல்ல, நாட்இம்ப்ளிமென்டட் ('இதை ஒப்பிட எனக்குத் தெரியாது' என்னும் சிறப்பு மதிப்பு) திருப்புங்கள். அப்போதுதான் எதிர்ப்பக்க கிளாஸின் __ஈக்யூ__-வுக்கு வாய்ப்புக் கிடைக்கும்.